எந்தப் பக்கம் இழுத்தால் நல்லது

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று யாராவது உங்கள் கராஜ் வாசலில் வந்து நின்றால், உடனே வண்டியை உயர்த்துகிற ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வந்தவனை முதலில் உட்கார வையுங்கள். எத்தனை நாளாக இழுக்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்வான். பிறகு, ஏன் இன்றைக்கு வந்தாய் என்று கேளுங்கள். அதில் உண்மை வந்துவிடும்.

நான் தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், என்னிடம் தொழில் பழகிய நீங்கள் மறக்காமல் ஃபோனில் கோல் எடுத்து, "பாஸ், இது எதனால?" என்று கேட்கிறீர்கள். சந்தோஷம். கேட்பதெல்லாம் இரும்பைப் பற்றித்தான். இரும்பு லேசான சங்கதி. போன வாரம் உங்களில் ஒருவர் பிரேக் இழுப்பதைப் பற்றிக் கேட்டபோது நான் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். கட்டாகவில்லை, எனக்குத்தான் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொழில் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். வண்டி இடது பக்கம் இழுத்தால் எல்லோரும் இடது வீலைத்தான் கழற்றுகிறார்கள். இடது வீல் பாவம், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அநேகமாக வலது வீல்தான் பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கும் முன்னால் ரோட்டைப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் சமமான ரோடு எங்கே இருக்கிறது? எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். ஒரே இடத்தில் போகும்போது ஒரு தரம், திரும்பி வரும்போது ஒரு தரம் பிரேக் பிடித்துப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கம் இழுத்தால் கோளாறு வண்டியில். பக்கம் மாறி இழுத்தால் கோளாறு ரோட்டில். ரோட்டை ரிப்பேர் பண்ணுவதாக நினைத்து வண்டியைப் பிரித்துப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் பாடம். மிச்சமெல்லாம் விஜயகுமாரைப் பற்றியது.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருந்து ஹட்டனுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன் விஜயகுமார். பஸ் அந்த டிவிஷனைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வேன் இல்லாவிட்டால் பிள்ளைகள் மெயின் ரோடு வரை தேயிலைக்குள் நடந்து இறங்கி, அங்கே பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அப்படி நடந்து, நின்று, நனைந்து, ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட பிள்ளைகள் அந்தத் தோட்டத்து லயன் வீடுகளில் எத்தனையோ பேர். அவன் வேன் ஓடத் தொடங்கிய பிறகுதான் அங்கிருந்து பிள்ளைகள் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரைக்கும் போனார்கள். அவன் மகள் தர்ஷினியும் அதே வேனில்தான் போனாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். அவளுக்காகத்தான் அவன் அந்தப் பழைய வேனையே வாங்கினான் என்று டிவிஷனில் சொல்வார்கள்.

ஓ.எல். பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். வெள்ளிக்கிழமை பெய்த மழையில் அவர்கள் டிவிஷன் ரோட்டில் மண் சரிந்து, ரோட்டில் பாதி பள்ளத்துக்குள் போய்விட்டது. மறுநாள் பகல் விஜயகுமார் வேனோடு என் கராஜுக்கு வந்தான். நெற்றியில் திருநீறு காயவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தது. என்னிடம் வருவதற்கு முன்னால் சாமியிடம் போகிற ஆட்கள் எப்போதுமே எனக்குப் பயம்.

"பாஸ், ஒரு சின்ன வேலைங்க. பிரேக் அடிச்சா இடது பக்கம் இழுக்குது."

"எத்தன நாளா?"

"இப்பத்தான்... ஒரு வாரமா."

"ஏன் இன்னைக்கு வந்த?"

முன் வீலைக் கையால் காட்டினான். பிறகு சொன்னான். "அத வலது பக்கம் இழுக்கிற மாதிரி மாத்திக் குடுக்கணும் பாஸ்."

நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் இழுப்பதை நிறுத்தச் சொல்லி வந்தவர்கள்தான் உண்டு. இழுக்கிற பக்கத்தை மாற்றச் சொல்லி வந்தவன் இவன் ஒருவன்தான். அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

வலது முன் வீலுக்குப் பிரேக் ஒயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் எட்டு மாதத்துக்கு முன்னாலேயே வெடித்துவிட்டது. கப்பலில் சாமான் வராமல், ஒரு போல்ட்டுக்கும் நாம் கடை கடையாக அலைந்த காலம் அது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வேறு ஒரு கராஜில் அந்தப் பைப்பை மடித்து, தட்டி, ஒயில் போகாமல் அடைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் இந்த வேலையை எல்லோரும் செய்தார்கள். லொறிக்குச் செய்தார்கள், ஆட்டோவுக்குச் செய்தார்கள். சாமான் வந்ததும் மாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்புவார்கள். ஓடுகிற வண்டியை யார் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்? வலது வீல் பிடிக்காததால் வேன் இடது பக்கம் இழுத்தது.

அது அவனுக்குத் தோதாகவும் போனது. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பழைய ரோட்டில் இறங்கும்போது இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம்.

"இழுத்தாலும் மலைப் பக்கம்தானே பாஸ் இழுக்கும்? ஏதும் ஆச்சுன்னாலும் மண்ணுல போய் முட்டிக்கிட்டு நிக்கும். புள்ளைங்களுக்கு ஒன்னும் ஆகாது."

எட்டு மாதம் அந்த நினைப்பில்தான் ஓட்டியிருக்கிறான். இப்போது அந்த ரோடு இல்லை. தேயிலை ஃபெக்டரியைச் சுற்றிக்கொண்டு ஆற்றோரமாக இறங்கும் ரோடு ஒன்றுதான் மிச்சம். அதில் இறங்கும்போது இடது பக்கம் ஆறு. அன்றைக்குப் பிள்ளைகள் இல்லாத வேனோடு அதில்தான் ஊர்ந்து வந்திருந்தான். திங்கட்கிழமை கணிதப் பாடம்.

"இடது பக்க ஹோஸக் கழட்டி வலதுல போட்டுட்டு, இடத அடச்சிருங்க. அரை மணித்தியால வேலதான். பரீட்ச முடிஞ்சதும் நானே சாமான் தேடிக் கொண்டாறேன்."

"சரி, பின்னேரம் திரும்பி வரும்போது? அப்ப ஆறு வலது பக்கமில்ல?"

"அப்ப ஏத்தம்தானே பாஸ். ஏத்தத்துல பிரேக்குக்கு என்னா வேல?"

கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. ராத்திரியெல்லாம் விழித்திருந்து யோசித்திருக்கிறான். முட்டாள் என்று அவனைத் திட்ட என் வாய் வரைக்கும் வந்தது, திட்டவில்லை. தன் பிள்ளை முன் சீட்டில் இருக்க, எந்தப் பக்கம் விழுந்தால் பிழைக்கலாம் என்று கணக்குப் போடுகிற நிலைக்கு ஒரு மனிதன் வந்திருக்கிறான். நம் தொழிலில் இதைப் பார்க்கிற நாள் வரும். வராமல் இருக்கட்டும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் வரும்.

இடது வீலைக் கழற்றினேன். எட்டு மாதமாக இரண்டு வீலின் பாரத்தையும் ஒரே வீல் சுமந்திருந்தது. பிரேக் பேட் இரும்புவரை தேய்ந்து, தட்டு சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது. பேட் என்னிடம் இருந்தது. அது பெரிய விஷயமில்லை. அவனை வேனுக்குள் ஏறிப் பெடலை மிதிக்கச் சொன்னேன். மிதித்ததும், நல்ல ஹோஸ் என்று அவன் நம்பிக்கொண்டிருந்த அந்த ஹோஸின் நடுவில் சாரைப் பாம்பு தவளையை விழுங்கிய மாதிரி ஒரு புடைப்பு எழும்பியது. காலை எடுத்ததும் அடங்கியது. இன்னொரு தரம் மிதிக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் பெரிதாக எழும்பியது.

அவனை இறக்கிவிட்டு, நான் ஏறி மிதித்து, அவனையே பார்க்க வைத்தேன். அவனுக்குப் புரிந்தது.

"ரெண்டு நாளைக்குத் தாங்காதா பாஸ்?"

எந்தப் பக்கம் போட்டாலும் அது வெடிக்கும். எந்த வளைவில் என்று மட்டும்தான் தெரியாது. வெடித்தால் முன்னால் இரண்டு வீலுக்கும் பிரேக் இருக்காது. பதினைந்து பிள்ளைகளோடு, சேற்றில், ஆற்றோர இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பி அந்த வேன் நிற்காது. பின் பிரேக்கோடு முதலாம் கியரில் ஊர்ந்து இறங்கலாமா என்றுகூட நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ரோட்டை எனக்குத் தெரியும். முடியாது.

அன்று பின்னேரம் முழுவதும் கோல் எடுத்தோம். ஹட்டனில் இல்லை. நாவலப்பிட்டியில் இல்லை. கண்டியில் ஒருவர் இருக்கிறது என்று சொல்லி, தேடிவிட்டு இல்லை என்றார். கொழும்பில் ஒரு கடையில் கிடைத்தது. ஞாயிறு கடை பூட்டு, திங்கள் பஸ்ஸில் போட்டால் செவ்வாய்தான் கைக்கு வரும் என்றார்கள். அதே மாதிரி வேன் வைத்திருக்கும் ஒருவர் கினிகத்தேனையில் இருந்தார். அவருடையதைக் கழற்றி இரண்டு நாள் இரவல் வாங்கலாம் என்று பார்த்தால், அவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு கதிர்காமத்துக்கு ஹயர் போயிருந்தார். வேறு வண்டிகளின் ஹோஸையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றின் முனையும் பொருந்தவில்லை.

கடைசியில் இரண்டு ஆட்டோக்காரர்களைப் பிடித்து, திங்கட்கிழமை விடிய மேல் டிவிஷனுக்குப் போய்ப் பரீட்சைப் பிள்ளைகளை மட்டும் ஏற்றி வரச் சொன்னேன். சரி என்றார்கள். விஜயகுமாருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

"மழ பேஞ்சா ஆட்டோ அந்த ரோட்டுல ஏறாது பாஸ். வேன்தான் ஏறும். வீலத் திரும்பப் பூட்டிக் குடுங்க. நா மெதுவாப் போறேன்."

"மெதுவாப் போனா ஆறு எட்டப் போயிருமா?"

"என் வண்டி. என் புள்ள. நா ஓட்டுறேன். உங்களுக்கு என்னாங்க?"

"மத்தப் புள்ளைங்களும் உன் புள்ளைங்களா?"

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். "உங்க மகன் படிச்சு வெளிநாட்டுக்குப் போய்ட்டாரு. உங்களுக்கு ஒரு நாள் லேசு. எங்களுக்கு அந்த ஒரு பேப்பர்தாங்க இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் அழுகையும் வந்தது. வலது வீலையும் கழற்றி, இரண்டு முன் வீலையும் உருட்டிக்கொண்டு போய் ஸ்டோருக்குள் போட்டுப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேன் முன் பக்கம் கட்டை மேல் நின்றது. அவன் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனான். கையில் மகளுக்கு வாங்கிய வீசிங் பம்ப் இருந்தது.

ஞாயிறு இரவு மழை பிடித்தது. திங்கட்கிழமை காலை நான் கராஜைத் திறக்கவில்லை. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் போய்க் குடையோடு நின்றேன். ஆட்டோக்காரர்கள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவன் கோல் எடுத்தான். ஃபெக்டரிக்கு மேலே சேறு, வீல் சுற்றுகிறது, ஏற முடியவில்லை, திரும்பிவிட்டோம் என்றான். பிள்ளைகள் அவர்களுக்காக மேலே காத்திருந்து, வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பரீட்சை தொடங்கி அரை மணித்தியாலத்துக்குப் பிறகு போனால் உள்ளே எடுக்க மாட்டார்கள். மேல் டிவிஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறாக, பரீட்சை அனுமதி அட்டையைப் பொலித்தீனுக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வந்தார்கள். ஒருவரையும் தடுக்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்று எண்ணினேன். தர்ஷினி ஒருத்தி மட்டும் வரவில்லை.

அவளும் அப்பாவும் வந்தபோது அந்த அரை மணித்தியாலமும் தாண்டிவிட்டது. விஜயகுமார் அவளைப் பாதி தூரம் முதுகில் சுமந்திருக்கிறான். அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. பேச முடியவில்லை. பரீட்சை அட்டையை மட்டும் நீட்டினாள். வாசலில் நின்ற வாத்தியார் அதை வாங்கிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"என்னால ஏலாதும்மா. உள்ள எடுத்தா மத்தப் புள்ளைங்க பேப்பருக்கும் பிரச்சின வரும்."

அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் பாவம்தான். விஜயகுமார் அவரோடு சண்டை போடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அவன் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வேன் இருந்திருந்தா வந்திருப்போம் பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தான்.

செவ்வாய்க்கிழமை ஹோஸ் வந்தது. இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். ஓட்டிப் பார்த்தபோது, ஸ்டீயரிங்கில் கை வைக்காமல் பிரேக் பிடித்தாலும் வேன் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று. விஜயகுமார் வந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டு போனான். பிரேக் எப்படி என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் என் கராஜுக்கு வரவேயில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் எதிரே வந்தால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவான்.

அடுத்த வருடம் எழுதலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வது சுலபம். அடுத்த வருடம் வருவதற்குள் அவள் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் மலையில் கால் முறிந்து, வீட்டில் யாராவது வேலைக்குப் போக வேண்டிய நிலை வந்து, தர்ஷினி கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

உடைந்ததைச் செய்து கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நடக்காமல் போன விபத்தை யாருக்கும் காட்ட முடியாது. அன்று அந்த வேன் ஆற்றுக்குள் போயிருந்தால், ஊரே என்னிடம் வந்து ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கும். போகாததால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார்கள். இதைப் பழகிக்கொள்ளலாம் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்குப் பழகவில்லை. மழை பெய்கிற காலைகளில் அந்தப் பள்ளிக்கூட வாசல்தான் ஞாபகம் வருகிறது. நான் சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது உண்மையும்கூட. ஆனாலும் ஒரு பிரயோசனமும் இல்லை.

போன தீபாவளி முடிந்த கையோடு டாக்டரிடம் கண் காட்டுவதற்காகக் கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். வட்டவளையில் ஒரு பெண் ஏறி, என் பக்கத்துச் சீட் காலியாக இருந்ததால் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான், "மாமா, நா விஜயகுமார் மக" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். கடையைப் பற்றி, தங்கியிருக்கும் அறையைப் பற்றி, கொழும்பு வெக்கையில் வீசிங் குறைந்திருப்பதைப் பற்றி. அம்மா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள் என்றாள். மறுபடி பரீட்சை எழுதலாமே என்று நான் கேட்டேன். காலையிலிருந்து இரவு வரை கடையில் நிற்பதாகச் சொன்னாள்.

கினிகத்தேனை தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"மாமா, ஒன்னு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டீங்களே. அந்த ஹோஸு அன்னைக்குத் தாங்கியிருக்குமா?"

தாங்கியிருக்காது என்று சொல்லிவிட்டால் அவள் மனதில் அந்தக் கேள்வி அத்தோடு முடிந்திருக்கும். என் மனமும் கொஞ்சம் லேசாகியிருக்கும். ஆனால் பிரேக்கைப் பற்றிக் கேட்டவர்களிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.

"தெரியாது புள்ள. ஒரு நாள் தாங்கியிருந்தாலும் இருந்திருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. மடியில் இருந்த பலகாரப் பெட்டியை ஒரு தரம் சரி செய்து வைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு ஒரு நாள்தானே மாமா வேணும்."

நாளைக்கு அதே வேன் அதே ஹோஸோடு வந்து நின்றாலும் நான் வீலைப் பூட்டிக் கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்கக் கூடாது. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கொழும்பு போய்ச் சேரும்வரை நான் அவள் பக்கம் திரும்பவேயில்லை.